பிசகு இல்லாத வலி

கை வலியைக் குறிக்கத் தென்பாண்டி நாட்டுப் பேச்சுத் தமிழில் ஒரு சொல் போதாமல் கடுப்பு, குடைச்சல், பிடிப்பு, சுளுக்கு, மதமதப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. கூர்ந்து நோக்கினால் அவை உடலின் வெவ்வேறு திசுக்களைச் சுட்டுவது புலப்படும். வேலை முடிந்த பின்னும் அடங்காத கடுப்பு பெரும்பாலும் தசையையும், தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறான தசைநாணையும் சார்ந்தது. மதமதப்பு நரம்பைச் சார்ந்தது. சுளுக்கு என்பதோ மூட்டைக் கட்டிப்பிடிக்கும் இழைகள் ஒரு கணத்தில் அளவு மீறி இழுபடுவது. ஆயினும் மருத்துவம் தேடும் வேளையில் இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்து, பிசகு என்ற ஒற்றைச் சொல்லே மிஞ்சுகிறது. எலும்போ நரம்போ இடம் மாறிவிட்டது, பழகிய கை ஒன்று அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் வலி தீர்ந்துவிடும் என்ற எண்ணம், நாட்டு வைத்தியரின் திண்ணையிலும் இருக்கிறது, முதுகெலும்பை நெட்டி முறித்துக் காட்டும் கைபேசிக் காணொளிகளிலும் இருக்கிறது. தொழிலால் வரும் கை வலியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு. ஆனால் அதன் பெயரால் செய்யப்படும் கைச் சிகிச்சை முழுதும் வீணன்று.

இதை ஆராய்வதற்கு இராஜபாளையம் வட்டத்துச் சோழபுரமும் அதன் சுற்றூர்களும் பொருத்தமான களம். அருகிலுள்ள தளவாய்புரம் நைட்டி தைப்பில் பெயர் பெற்றது; சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யப்படுகின்றன; பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பின் நூற்பு அந்நகரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தையல், தறி, நூற்பாலையின் ரிங் பிரேம், பால்கோவாச் சட்டி ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொழில்களாகத் தோன்றினாலும், கையின் நோக்கில் அவை நான்கும் ஒரே தொழில்தான்: ஒரே அசைவு, ஒரே திசையில், நாள் முழுதும். எங்கோ ஒரு மருத்துவமனையில் வீங்கிய மணிக்கட்டைச் சுற்றப் போகும் துணியை நெய்பவரின் மணிக்கட்டுக்கு ஓய்வில்லை என்பது இந்த வட்டாரத்துக்கே உரிய முரண்.

ஒரே அசைவு பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழ்வதால் தசைநாண், தசை, நரம்பு ஆகியவற்றுக்கு ஏற்படும் கேட்டைத் தொடர்பணிக் காயம் எனலாம். மருத்துவர்கள் சுருக்கமாக ஆர்.எஸ்.ஐ. என்பர். இது கணினி யுகத்தின் நோய் என்ற கருத்துப் பரவலாக இருப்பினும், தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட நூலை ஒட்டி எழுதிய பகுதிகளிலேயே எழுத்தர்களின் கை வலியை விவரித்து, அதற்கு மூன்று காரணங்களைக் கூறினார்: ஓயாது அமர்ந்திருத்தல், கை ஒரே வகையில் இடைவிடாது அசைதல், பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். மூன்றாவது காரணத்தை அவர் சேர்த்ததுதான் வியப்புக்குரியது. உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில் தைப்பவரின் தோள் தசை நாள் முழுதும் இறுகியே இருப்பதை விளக்க இன்றும் அதைவிடச் சிறந்த காரணம் தேட வேண்டியதில்லை. தந்திக் கட்டைகளைத் தட்டியவர்களின் கைப்பிடிப்பைப் பிரிட்டன் 1908-இலேயே இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1980-களில் ஆஸ்திரேலியாவின் தட்டச்சுப் பணியாளர்களிடையே இந்நோய் அலைபோல் எழுந்து சில ஆண்டுகளில் தணிந்தபோது, விசைப்பலகைகள் மட்டுமன்றி மேற்பார்வையும் வேலை அச்சமும் வலியின் காரணங்களுள் அடங்கும் என்ற விவாதம் வலுத்தது.

தையற்கூடத்தில் பிசிறு வெட்டும் பணியை எடுத்துக்கொண்டால் காயத்தின் இயக்கம் தெளிவாகும். தைத்து முடித்த உடையில் தொங்கும் நூல்முனைகளைச் சிறு கத்தரியால் நறுக்கும் வேலையில், கட்டைவிரல் ஒவ்வொரு நறுக்குக்கும் மூடித் திறக்கிறது. நான்கு நொடிக்கு ஒரு நறுக்கு என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்தில் அது 7,200 முறை. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் எலும்பின் மேலுள்ள ஒரு குறுகிய உறைக்குள் புகுந்து செல்கின்றன. கிணற்றுக் கயிறு உருளையில் உராய்வதுபோல் அவை அந்த உறையில் உராய, உறை மெல்ல மெல்லத் தடிக்கிறது. உறை தடிக்க உள்ளிடம் குறுகுகிறது. குறுக உராய்வு மேலும் கூடுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி கெர்வைன் 1895-இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் இந்நோயை, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்து அறியலாம். கட்டைவிரலின் அடியில் சுரீரென்று வலி பாய்ந்தால் ஐயம் வலுக்கும். கைக்குழந்தையை அடிக்கடி அள்ளித் தூக்கும் தாய்மாருக்கும் இதே நோய் வருவதுண்டு; அவர்களும் கட்டைவிரலை விரித்தபடியேதான் எடையைத் தாங்குகின்றனர்.

பால்கோவாச் சட்டியின் முன் நிற்பவருக்கு வலி முழங்கையில் வருவதற்குக் காரணம் வேறு. பால் பாலாக இருக்கும்வரை துடுப்பு இலகுவாகச் சுற்றும். சர்க்கரையோடு சுண்டி இறுகத் தொடங்கியதும், அடிபிடித்துவிடாமல் இருக்க இன்னும் விரைவாகக் கிண்ட வேண்டிய அதே வேளையில், குழம்பின் எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போகிறது. தசை களைத்திருக்கும் நேரத்தில்தான் சுமை உச்சத்தை அடைகிறது என்பது இத்தொழிலின் இயல்பிலேயே உள்ள கொடுமை. பிடியை இறுக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் அதைப் பின்னோக்கி இழுத்து நிறுத்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்புமுனையில் சிறு பரப்பில் ஒட்டியிருப்பதால், விசை முழுதும் அந்தச் சிறு பரப்பில் குவிகிறது. டென்னிஸ் எல்போ என்று உலகம் பெயரிட்ட நோய் இதுவே. அதற்கு ஆளானவர்களுள் டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களே மிகப் பலர்.

தசைநாணில் உண்மையில் நிகழ்வது என்ன என்பதைப் பற்றிய கருத்து கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. அது அழற்சி, அதாவது திசு சிவந்து சூடேறி வீங்கும் நிலை, என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1979-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான நிர்ஷலும் பெட்ரோனும் முழங்கைத் தசைநாண்களை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிச் செல்களைக் காணவில்லை. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள், நார் நாராகப் பிரிந்த பழைய தாம்புக்கயிறு போலக் கலைந்து கிடந்தன. தசைநாணின் வலிமைக்கு ஆதாரமான புரதமே கொலாஜன். கடும் வேலைக்குப் பின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை கொலாஜன் சிதைவது கட்டப்படுவதைவிட மிகுந்திருக்கும். அதன் பின்னரே கட்டுமானத்தின் கை ஓங்கும். இரத்த ஓட்டம் குறைந்த திசுவாதலால் இந்தப் பழுதுபார்ப்புக்கு விரைவு கிடையாது. கட்டுமானம் முந்துவதற்குள் அடுத்த ஷிப்டின் சங்கு ஊதிவிடுகிறது. அன்றாடம் மிஞ்சும் சிறு பற்றாக்குறை, மாதக்கணக்கில் சேர்ந்து கலைந்த இழையாகிறது. எனவே இங்கே எதுவும் பிசகவில்லை. செலவு வரவை மிஞ்சிய கணக்கு இது, இடம் மாறிய எலும்பின் கதையன்று.

நரம்பின் செய்தி சற்று வேறு. மணிக்கட்டின் உள்ளங்கைப் புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த நார்ப்பட்டையும் சேர்ந்து அமைக்கும் கார்பல் டனல் என்ற குறுகிய குகைவழியே ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. நலமான கையில் அக்குகையின் உள்ளழுத்தம் பொதுவாகப் பத்து மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழேயே இருக்கும். மணிக்கட்டு முழுதாக மடங்கினாலோ பின்னோக்கி வளைந்தாலோ அது பலமடங்கு ஏறும். முப்பதை எட்டும்போது நரம்புக்குச் செல்லும் இரத்தம் தடைபடத் தொடங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி மட்டும் மரத்து, சுண்டுவிரல் தப்பித்துக்கொள்வதும், நள்ளிரவில் விழிப்புத் தட்டிக் கையை உதறினால் மதமதப்பு விடுவதும் இந்நோயின் அடையாளங்கள். நீரிழிவும் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே குறிகளைத் தோற்றுவிக்கவோ பெருக்கவோ கூடுமாதலால், யாரிடமும் கையைக் காட்டி நீவிக்கொள்ளும் முன் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது அறிவுடைமை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளம் விழுந்துவிட்ட பின் எந்த நீவலாலும் பயனில்லை. அது அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்.

இனி, காணொளிகளில் முதுகெலும்பை நெட்டி முறிக்கும் கைரோபிராக்டிக். கையையும் செயலையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிடப்பட்ட இம்முறை 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் பிறந்தது. காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர், செவித்திறன் குன்றியிருந்த ஹார்வி லில்லார்ட் என்ற பணியாளரின் முதுகெலும்பில் இடம் மாறியதாகத் தாம் கருதிய முள்ளெலும்பை அழுத்திச் சரிசெய்தார் என்பதும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பதும் அம்முறையின் தோற்றக் கதை. செவி நரம்பு முதுகெலும்பின் வழியே செல்வதே இல்லை என்பதால் அக்கதையை உடற்கூற்றியல் ஏற்பதில்லை. முள்ளெலும்பின் சிறு இடமாற்றமே ஏறத்தாழ எல்லா நோய்க்கும் வேர் என்று பால்மர் வகுத்த கொள்கை, நம்மூர்ப் பிசகின் அமெரிக்க உடன்பிறப்பு. இருவேறு கண்டங்களில் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே பிழைக்கு வந்து சேர்ந்தது, வலியுற்ற மனம் எப்போதும் எளிய காரணத்தையே நாடும் என்பதால்தான் போலும். இக்காலக் கைரோபிராக்டிக் வல்லுநர்களில் பலர் அக்கொள்கையைக் கைவிட்டு, மூட்டை அதன் இயல்பான எல்லைக்குக் கொண்டுசென்று, சிறு தொலைவில் விரைந்த உந்துதல் ஒன்றைத் தருவதையே தம் கலையாகக் கொள்கின்றனர். அப்போது எழும் சடக்கென்ற ஒலி எலும்பு இடத்தில் வந்து பொருந்தும் ஒலி அன்று. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல்மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்துச் சொடுக்கிப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுநீருக்குள் வளிக்குழி ஒன்று திடீரெனத் தோன்றும் கணத்திலேயே ஒலி எழுவது படமாகப் பதிவாயிற்று. பாயில் உட்கார்ந்து சொடக்கு எடுப்பவரின் விரலில் நிகழ்வதும் அதுவே.

மென்திசுச் சிகிச்சை என்பது எலும்பை விட்டுத் தசை, தசைநாண், அவற்றைச் சுற்றிய உறை ஆகியவற்றைக் கையால் கையாள்வது. ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ், தசைநாணின் குறுக்கே விரல்நுனியால் ஆழ அழுத்தித் தேய்க்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரப்பினார். பின்னர் அமெரிக்கக் கைரோபிராக்டிக் வல்லுநர் மைக்கேல் லீஹி, வலிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நோயாளியின் கையை நீட்டி மடக்கச் செய்யும் முறையை வகுத்து அதற்குத் தனிப்பெயரும் இட்டார். சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணம், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும் என்பதை அறிந்தவருக்கு, லீஹியின் முறை அழுத்தலும் அசைத்தலும் சேர்ந்ததாகவே தோன்றும். இவற்றோடு, கால் முன்னே வரப் பிறந்தவர் தொட்டால் சுளுக்கு விடும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையைச் சேர்த்து எண்ணுதல் தொக்கணத்துக்கு இழைக்கும் அநீதி.

இத்தகைய அழுத்தல் கலைந்த இழையைச் சீராக்கும், ஒட்டிக்கொண்ட திசுவைப் பிரிக்கும் என்று சொல்லப்படுவதுண்டு. தொடையின் உறைத்திசு, உள்ளங்காலின் தடித்த பட்டை ஆகியவற்றின் வலிமையைக் கணித முறையில் ஆராய்ந்து 2008-இல் வெளியான கணக்கீடு, அவற்றின் வடிவத்தைச் சிறிதளவு மாற்றக்கூட மனிதக் கையால் தர இயலாத விசை தேவைப்படும் என்று காட்டியது. அப்படியானால் நீவியதும் வலி குறைவது எவ்வாறு? அதற்கான விடையின் தொடக்கம் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த வாயிற்கதவுக் கொள்கையில் உள்ளது. தொடுதலையும் அழுத்தத்தையும் ஏற்றிச்செல்லும் தடித்த நரம்பிழைகளின் செய்தி முதுகுத்தண்டை அடையும்போது, வலியை ஏற்றிவரும் மெல்லிய இழைகளின் செய்திக்குக் கதவு ஓரளவு சாத்தப்படுகிறது. முழங்காலை இடித்துக்கொண்ட குழந்தை உடனே அவ்விடத்தைத் தேய்த்துக்கொள்வதன் பொருளும் இதுதான். கை மாற்றுவது திசுவை அன்று, திசுவைப் பற்றி நரம்பு மண்டலம் எழுப்பும் எச்சரிக்கையின் அளவையே. அந்த அமைதி மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ கலைந்துவிடும்.

ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. சிரியாக்ஸின் ஆழ்தேய்ப்பு முறையை 2014-இல் மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, அதன் பயனை உறுதிப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டென்னிஸ் எல்போ உள்ள 198 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களே மிக நலமாக இருந்தனர். ஓராண்டு கழிந்தபோது நிலை தலைகீழாயிற்று. மூட்டைக் கையால் நகர்த்தும் சிகிச்சையோடு உடற்பயிற்சியும் பெற்றவர்களும், எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களும் ஊசிக்காரர்களை முந்தினர். 2013-இல் அதே ஆய்வுக்குழு வெளியிட்ட மற்றொரு சோதனையில், ஸ்டீராய்டு ஊசி பெற்றோருள் ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் 54 விழுக்காடு, வெற்று ஊசி பெற்றோருள் 12 விழுக்காடு. ‘ஒரே ஊசியில் குணம்’ என்று மகிழ்ந்து மறுநாளே சட்டியின் முன் நிற்பவர் இந்த எண்களை அறிந்திருத்தல் நன்று. கார்பல் டனல் நோயுற்ற நூறு பெண்களை அறுவைக்கும், கழுத்து முதல் கை வரை நரம்பு செல்லும் வழியெங்கும் செய்யும் மென்திசுச் சிகிச்சைக்கும் பிரித்து ஸ்பெயினில் ஆராய்ந்ததில், முதல் மாதத்தில் கைச் சிகிச்சை கூடுதலாகவும், ஓராண்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவிலும் பயன் தந்தன என 2017-இல் தெரியவந்தது. சதை வற்றிய முற்றிய நிலைக்கு அம்முடிவை நீட்டிப் பொருள்கொள்ளலாகாது.

தசைநாணை உண்மையில் வலுப்படுத்துவது கையின் அழுத்தமன்று, அளவறிந்து ஏற்றப்படும் சுமை. சுவீடனின் ஹோகான் அல்பிரெட்சன் 1998-இல் குதிகால் தசைநாணுக்கு வகுத்த பயிற்சியிலிருந்து வளர்ந்த இக்கருத்து, முழங்கைக்கும் ஏற்றதாயிற்று. முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்திப் பின் உதவியை விலக்கி, நான்கைந்து எண்ணும் நேரத்தில் மெல்லத் தாழ்த்த வேண்டும். பொறுக்கத்தக்க சிறு வலி தடையன்று; மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் சுமை மிகுதி என்று பொருள். பன்னிரண்டு வாரம் வரை பொறுமை வேண்டும். கைச் சிகிச்சையின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது: அது தரும் சில மணி நேர வலியின்மை, இப்பயிற்சியைத் தொடங்குவதற்கு வாய்த்த இடைவெளி. நீவிய கை விலகியதும் நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் அந்த இடைவெளி வீணாகிறது. இரவு மதமதப்புக்கு மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிந்து உறங்குவது எளிய, மலிவான முதல் வழி.

ஆபத்து எங்கே உள்ளது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையிலோ முன்கையிலோ செய்யும் மென்திசுச் சிகிச்சை பெரும்பாலும் கன்றலையும் தற்காலிக வலியையும் தாண்டாது. கழுத்தைச் சட்டெனத் திருப்பி முறிப்பது அப்படியன்று. மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள், அரிதாயினும், மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கை வலியோடு வந்தவரின் கழுத்தை முறிக்க முனைபவரிடம் காரணம் கேட்பது நோயாளியின் உரிமை. இயன்முறை மருத்துவர்களை 2021-ஆம் ஆண்டின் சட்டமும், சித்த மருத்துவர்களை 2020-ஆம் ஆண்டின் சட்டமும் பதிவு முறைக்கு உட்படுத்துகின்றன. கைரோபிராக்டிக்குக்கென இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லாமையால், பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒருவரின் பயிற்சியை அறிய இயலாது.

எவ்வளவு நல்ல சிகிச்சையும் சிகிச்சைக்குப் பின் கை எங்கே திரும்புகிறது என்பதைப் பொறுத்ததே. முப்பது நொடிக்குக் குறைவான சுழற்சியில் ஒரே அசைவு திரும்புவதை மிகுமீள்பணி என வரையறுத்து அமெரிக்காவின் பார்பரா சில்வர்ஸ்டைன் 1980-களில் நடத்திய ஆய்வு, விசையும் மீள்வும் தனித்தனியே செய்யும் கேட்டைவிட இரண்டும் சேர்ந்து செய்யும் கேடு பன்மடங்கு என்று காட்டியது. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலே பெரும்பகுதி தப்பும். கத்தரியின் விளிம்பைத் தீட்டி வைப்பது, விசையால் தானே திறக்கும் கத்தரியைத் தருவது, பிசிறு வெட்டுபவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மடிப்பு வேலைக்கு மாற்றுவது, துடுப்பின் பிடியைத் தடிப்பாக்கிக் கோவா இறுகும் கட்டத்தில் ஆள் மாறுவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. உருப்படிக் கூலியில் ஓய்வுக்கு விலை இல்லை என்பதே இடர்ப்பாடு. கையை நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் வரவிலிருந்து கழிகிறது, முதலாளியின் கணக்கிலிருந்து அன்று.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் கட்டைவிரல் தசைநாண் உறை நோயும் கார்பல் டனல் நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களை அடுக்கிய மூன்றாம் அட்டவணையில், பஞ்சுத் தூசைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் இருந்தது. அதே பஞ்சை நூற்றும் நெய்தும் தைத்தும் தேய்ந்த கைக்கு அதில் ஒரு வரியும் இருக்கவில்லை.